பிரான்ஸ் – அயர்லாந்து, 2026 பிப்ரவரி 5: தொடக்க ஆட்டம் யாருக்கு? கணக்கைச் சொல்லுங்கள்

நீலச்சேவல்
ஆறு நாடுகள் ரக்பி போட்டி தொடங்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது, யாரும் வாயைத் திறக்கவில்லை, அதனால் நானே ஆரம்பித்து வைக்கிறேன். பிரான்ஸ் 34, அயர்லாந்து 19. இதுதான் என் கணக்கு. 2025இல் சாம்பியன், 5 ஆட்டங்களில் 30 டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது), இந்தப் போட்டியில் ஒரே சீசனில் எந்த அணியும் அவ்வளவு அடித்ததில்லை. ஓரத்தில் ஓடும் விங் பியெல்-பியாரே ஐந்து ஆட்டத்திலும் டிரை அடித்து மொத்தம் 8, அதுவும் சாதனை. இத்தனைக்கும் அணித் தலைவர் டூபோன் நாலாவது ஆட்டத்திலேயே முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டார். இப்போது அவரும் திரும்பிவிட்டார். ஸ்டாட் டி பிரான்ஸ், இரவு ஆட்டம், சுமார் 80,000 பேர். பச்சைச் சட்டைக்காரர்கள் வாருங்கள், என்ன சொல்கிறீர்கள் பார்ப்போம்.

பச்சைச்சட்டை
34-19ஆ? தம்பி, கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள். கடந்த பத்து வருடத்தில் அயர்லாந்து இந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தை பிரான்ஸ் மண்ணில் ஆடியது இரண்டே முறை. 2018 பாரிஸ், 15-13. 2024 மார்செய், 38-17. இரண்டும் எங்களுக்கு. இரண்டு வருடமும் கோப்பையும் எங்களுக்கு, 2018இல் ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்து கிராண்ட் ஸ்லாம். முதல் வாரத்தில் பிரான்ஸ் இன்னும் தூக்கம் கலையாமல் இருக்கும், நாங்கள் முகாமிலிருந்து நேராகச் சண்டைக்கு வருவோம். என் கணக்கு அயர்லாந்து 24, பிரான்ஸ் 23.

நீலச்சேவல்
அண்ணா, 2024ஐ எடுக்காதீர்கள். அன்று டூபோன் இல்லை, ஒலிம்பிக்கில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பிக்காகப் போயிருந்தார். வில்லெம்ஸ் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி இடைவேளைக்கு முன்பே வெளியே போய்விட்டார், மீதி நேரம் முழுக்க 14 பேர். ஆட்டம் பாரிஸில்கூட இல்லை. ஒலிம்பிக் வேலை நடந்ததால் சொந்த மைதானத்தை விட்டு மார்செய்க்குப் போனோம். ஸ்டாட் டி பிரான்ஸில் என்று பார்த்தால் ஆறு நாடுகள் போட்டியில் நீங்கள் ஜெயித்தது 2000, 2014, 2018, அவ்வளவுதான். கால் நூற்றாண்டில் மூன்று.

பச்சைச்சட்டை
மூன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எப்படிப்பட்ட மூன்று! 2000இல் ஓ'டிரிஸ்கல் மூன்று டிரை அடித்து 27-25. பாரிஸில் 1972க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. 2014இல் 22-20, அயர்லாந்துக்காக அதே ஓ'டிரிஸ்கலின் கடைசி ஆட்டம், கோப்பையோடு விடைபெற்றார்.

2018ஐ நான் எத்தனை முறை திரும்பப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. டெடி தாமஸ் டிரை அடித்து 13-12 என்று பிரான்ஸ் முன்னால் போய்விட்டது. பெல்லோ ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். அங்கேயிருந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் பத்தாம் எண் செக்ஸ்டன் 22 மீட்டர் கோட்டிலிருந்து குட்டையாக உதைக்க, ஹென்டர்சன் எகிறிப் பிடிக்க, அப்புறம் 41 ஃபேஸ், அதாவது பந்தை விடாமல் 41 முறை மோதி மோதி மீண்டும் எடுத்தார்கள். 41! ஒவ்வொரு ரக்கிலும் (விழுந்தவர் விட்ட பந்துக்காக நடக்கும் தள்ளுமுள்ளு) ஒரு மீட்டர், அரை மீட்டர், சில சமயம் பின்னாலேயே தள்ளப்பட்டார்கள். மழையில் பந்து சோப்பு மாதிரி வழுக்குகிறது, ஒருவர்கூடக் கை நழுவவிடவில்லை. நடுவில் செக்ஸ்டன் களத்தின் குறுக்கே ஒரு உதை விட்டு அதை ஏர்ல்ஸ் பிடித்தார் பாருங்கள், அந்த நிமிடத்தில் தவறியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். 80 நிமிடம் கடந்து மூன்று நிமிடம் ஆகிறது, 40 மீட்டருக்கு மேல் தூரம், கால் தசை பிடித்துக்கொண்ட செக்ஸ்டன் பந்தைத் தரையில் தட்ட விட்டுக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து டிராப் கோல் அடிக்கிறார், மூன்று புள்ளி. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். அதனால்தான் பாரிஸ் என்றால் எனக்குப் பயமில்லை.

முன்வரிசை_மூன்று
இரண்டு பேரும் பின்னால் ஓடுபவர்களையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஆட்டத்தின் கதை ஸ்க்ரமில், அதாவது இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் சேர்ந்து பந்துக்காகத் தள்ளும் இடத்தில் இருக்கிறது.

நவம்பரில் டப்ளினில் தென்னாப்பிரிக்கா அயர்லாந்தின் ஸ்க்ரமை என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். 24-13 என்ற கணக்கு நெருக்கமாகத் தெரியும், ஆனால் அன்று அயர்லாந்துக்கு நாலு மஞ்சள் அட்டை, ரையனுக்கு ஒரு சிவப்பு. போர்ட்டர், பேடி மெக்கார்த்தி என்று ஸ்க்ரம் முன்வரிசையின் இடது ஓரத்தில் ஒன்றாம் எண் ஆடிய இரண்டு பேருமே ஆளுக்குப் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்தார்கள். இப்போது அந்த இரண்டு பேருமே காயம். அதாவது பாரிஸில் ஒன்றாம் எண் சட்டையைப் போடப்போகிறவர் வழக்கமாக அந்த வரிசையில் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ இருப்பவர்.

அது ஏன் பெரிய விஷயம் என்று விங்கில் ஆடியவர்களுக்குப் புரியாது. நான் பல வருடம் மூன்றாம் எண்ணில் தலையைக் கொடுத்தவன், அதனால் சொல்கிறேன். நடுவர் குனியச் சொல்வார், பிடிக்கச் சொல்வார், மோதச் சொல்வார். அந்த இரண்டாவது சொல்லுக்கும் மூன்றாவது சொல்லுக்கும் நடுவில் இருக்கும் ஒரு நொடியில் எதிரில் இருப்பவன் யார் என்று தெரிந்துவிடும். அவன் கை என் சட்டையை எங்கே பிடிக்கிறது, விரல் இறுகியிருக்கிறதா, தோள் என் நெஞ்சை விடக் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா, மூச்சு எப்படி வருகிறது. பழகியவன் என்றால் கல் மாதிரி அசையாமல் இருப்பான். புதியவன் என்றால் மோதச் சொல்வதற்கு முன்பே அவன் பாதம் லேசாக நகரும், புல்லில் ஆணி தேடும். எட்டு பேர் சேர்ந்தால் 900 கிலோவுக்கு மேல், அத்தனையும் அந்தப் பாதத்தின் மேல்தான் வந்து இறங்கும். முதல் ஸ்க்ரமில் அவன் முழங்கால் தரையைத் தொட்டால் நடுவர் மனதில் ஒரு படம் விழுந்துவிடும். அதற்கப்புறம் 80 நிமிடமும் சந்தேகம் வரும்போதெல்லாம் கை அந்தப் பக்கம்தான் உயரும்.

என் கணக்கு பிரான்ஸ் 29, அயர்லாந்து 17. அதில் குறைந்தது 9 புள்ளி ஸ்க்ரம் பெனால்டியிலிருந்து, பிரான்ஸுக்காக உதைக்கும் ராமோஸ் காலிலிருந்து வரும்.

மழைநாள்_ரசிகை
அண்ணா, நான் ரக்பி பார்க்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு ஆட்டத்தில் ஸ்க்ரம் மொத்தம் பத்துப் பதினைந்து வந்தாலே அதிகம். அதை வைத்து ஆட்டமே முடிவாகும் என்கிறீர்கள், அது எப்படி? பந்தைச் சீக்கிரம் எடுத்து வெளியே கொடுத்துவிட்டால் தப்பித்துக்கொள்ள முடியாதா?

முன்வரிசை_மூன்று
நல்ல கேள்வி தங்கச்சி. சொந்தப் பந்து என்றால் தப்பிக்கலாம், அதையும் அவசரமாக எடுத்தால் எட்டாம் எண் பின்னங்காலில் நின்றுகொண்டு கொடுப்பார், அந்தப் பந்தை வைத்துத் தாக்க முடியாது. எதிரணிப் பந்து என்றால் தப்பிக்க வழியே இல்லை. ஒரு ஸ்க்ரம் பெனால்டி போனால் என்ன நடக்கும் பார். நடுக்களத்தில் கிடைத்தால் ராமோஸ் மூன்று புள்ளி அடிப்பார். பிரான்ஸ் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்த ஆள் அவர், போன வருடம்தான் மிஷலாக்கைத் தாண்டினார். தூரமாக இருந்தால் பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்து, லைன்அவுட்டில் ஓரக்கோட்டிலிருந்து பந்தையும் அவர்களே எறிந்து, மால் கட்டி, அதாவது பந்தைப் பிடித்தவரைச் சூழ்ந்து நின்றபடியே தள்ளி, டிரைக்கு வருவார்கள். பின்னால் இருப்பவர்கள் ஐந்து நிமிடம் ஓடிச் சம்பாதித்த 40 மீட்டரை முன்வரிசை மூன்று நொடியில் திருப்பிக் கொடுத்துவிடும். இது மூன்று முறை நடந்தால் ஒரு அணியின் முகமே மாறிவிடும்.

மழைநாள்_ரசிகை
புரிகிறது. அப்படியென்றால் முதல் ஸ்க்ரமில் அந்த ஒன்றாம் எண்ணின் காலை மட்டும் பார்க்கப் போகிறேன்.

தொடுகோடு
ஸ்க்ரம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்போதைய ரக்பியில் ஆட்டம் காற்றில்தான் முடிவாகிறது. உயரமாக உதைத்த பந்தைப் பிடிக்க வருபவருக்கு முன்னால் அவர் அணிக்காரர்கள் சுவர் மாதிரி ஓடி எதிராளியை மறைப்பார்களே, அதை நடுவர்கள் 2024 நவம்பரிலிருந்து கறாராகத் தண்டிக்கிறார்கள். அதனால் துரத்தி வருபவருக்குப் பாதை திறந்துவிட்டது. பந்தைச் சுத்தமாகப் பிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஒரு கையால் பின்னால் தட்டிவிட்டால் போதும், சிதறிய பந்து யார் கையில் விழுகிறதோ அவர்களுக்குத் திறந்த களம்.

இப்போது யோசியுங்கள். சிதறிய பந்துக்கு உலகத்தில் மிக வேகமாக வருபவர் யார்? பியெல்-பியாரே. ரக்கின் பின்னாலிருந்து உயரமாக உதைத்து அவருக்குப் பாக்ஸ் கிக் கொடுப்பவர் யார்? டூபோன். அயர்லாந்தில் இதற்குச் சரியான ஆள் மாக் ஹான்சன், அவரும் காயத்தில் வெளியே இருக்கிறார். 2022இல் பாரிஸில் மீள்தொடக்க உதையிலேயே நேராக ஓடிப்போய் எகிறிப் பந்தைப் பறித்து டிரை அடித்தாரே, அந்த ஹான்சன். அவர் இல்லாதது ஒன்றாம் எண் இல்லாததை விடப் பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

பிரான்ஸ் 31, அயர்லாந்து 22.

பச்சைச்சட்டை
எல்லோரும் சேர்ந்து எங்களைக் குழியில் இறக்கிவிட்டு மண் தள்ளுகிறீர்கள். டோரிஸ், பேர்ன், ஷீஹன், வான் டெர் ஃபிளையர், ஜோ மெக்கார்த்தி, கிப்சன்-பார்க், ரிங்ரோஸ் இவர்கள் எல்லாம் யார்? காற்றில் ஆட்டம் என்றால் கிப்சன்-பார்க் அதை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஷீஹன் ஸ்க்ரம் முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கரின் சட்டையைப் போட்டுக்கொண்டு விங் மாதிரி டிரை அடிப்பவர். லைன்அவுட்டுக்குப் பயிற்சியாளர் பால் ஓ'கானல். ஐந்து மீட்டரில் எங்களுக்கு ஒரு லைன்அவுட் கிடைத்தால் அது ஏழு புள்ளி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம்எண்
நான் பிரான்ஸ் ஆதரவாளன், ஆனால் நீலச்சேவல் மாதிரி நிம்மதியாக இல்லை. பயிற்சியாளர் கல்தியே, பெனோ, ஃபிக்கு, அல்ட்ரிட் மூன்று பேரையும் அணியிலேயே சேர்க்கவில்லை. பெனோ பிரான்ஸ் வரலாற்றில் அதிக டிரை அடித்தவர். அல்ட்ரிட் அணித் தலைவராக இருந்தவர். ஃபிக்கு தடுப்பாட்டத்தைக் கட்டி ஆள்பவர், 13ஆம் எண் வாசலில் நின்று யார் மேலே ஏற வேண்டும், யார் பின்வாங்க வேண்டும் என்று கத்திக்கொண்டே இருப்பார், தொலைக்காட்சியில் அது தெரியாது. மூன்று பேரும் சேர்ந்து எத்தனை ஆட்டம் பார்த்தவர்கள். முதல் ஆட்டத்திலேயே, அதுவும் அயர்லாந்துக்கு எதிராக, இப்படி ஒரு மாற்றமா? எனக்கு இரண்டு நாளாக மனது ஆறவில்லை.

எங்கள் தடுப்புப் பயிற்சியாளர் ஷான் எட்வர்ட்ஸின் முறை வேகமாக மேலே ஏறி அடிப்பது. ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் கதவு திறந்துவிடும். புதிய ஜோடி அங்கே நின்றால் அயர்லாந்து அந்த இடத்தைத்தான் தேடி வரும்.

நீலச்சேவல்
வருத்தம் எனக்கும் இருக்கிறது அண்ணா, பெனோ எனக்கு மிகவும் பிடித்தவர். ஆனால் நவம்பரில் பாரிஸில் தென்னாப்பிரிக்காவிடம் 32-17 தோற்றதைப் பாருங்கள். ரெட் அட்டையில் அவர்கள் 14 பேராகிவிட்ட பிறகும் நம்மை நம் வீட்டிலேயே உருட்டிவிட்டார்கள். அதற்கப்புறமும் பழைய பட்டியலையே எழுதினால்தான் கல்தியே மேல் கோபப்பட வேண்டும். 2027 உலகக் கோப்பைக்கு இப்போதே ஆள் தயார் செய்ய வேண்டும். போர்தோ போன வருடம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது, அந்தக் கூட்டமே வரிசையாக இருக்கிறது. ஜாலிபெர், மொஎஃபானா, தெபோர்தேர், பியெல்-பியாரே. கண்ணை மூடிக்கொண்டு பந்து கொடுத்து வாங்குவார்கள்.

எட்டாம்எண்
கிளப்பில் கொடுத்து வாங்குவது வேறு, பிப்ரவரி இரவில் ஜோ மெக்கார்த்தி ஓடி வரும்போது கொடுத்து வாங்குவது வேறு. 2025இல் ட்விக்கன்ஹாமில் என்ன நடந்தது? டூபோன் உட்பட எல்லோர் கையிலிருந்தும் பந்து நழுவியது, 26-25 என்று ஒரு புள்ளியில் தோற்றோம். அந்த ஒரு ஆட்டத்தால் கிராண்ட் ஸ்லாம் போனது.

ஐம்பது_இருபத்திரண்டு
பத்தாம் எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. அயர்லாந்துக்கு பிரெண்டர்காஸ்டா, க்ரோலியா? என் ஓட்டு க்ரோலிக்கு. செக்ஸ்டன் ஓய்வு பெற்ற பிறகு முதல் ஆட்டம் மார்செயில், அந்தப் பெரிய நிழலில் நின்று 38-17 ஜெயித்துக் காட்டியவர் அவர்தான். பிரான்ஸில், தொடக்க ஆட்டத்தில், பத்தாம் எண்ணில் ஜெயித்த அனுபவம் கையில் இருக்கும்போது வேறு ஆளை ஏன் தேட வேண்டும்?

பச்சைச்சட்டை
இதில் நான் பிரெண்டர்காஸ்ட் பக்கம். அவர் பாஸ் போடும்போது கவனியுங்கள், பந்து அவர் கையை விட்டுப் போகும் கடைசித் துளி வரை தடுப்பாளர் எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் நிற்பார். எட்வர்ட்ஸின் தடுப்பு மேலே ஏறி வந்தால் அதன் தலைக்கு மேலே தூக்கிப்போடவோ பின்னால் உதைக்கவோ அவரால் முடியும். டாக்கிள் பலவீனம் என்பார்கள், உண்மைதான், பிரான்ஸும் அவரைத்தான் குறிவைத்து ஆள் அனுப்பும். ஃபிளாங்கர் வான் டெர் ஃபிளையர் பக்கத்தில் நின்றால் சமாளிக்கலாம்.

ஐம்பது_இருபத்திரண்டு
சமாளிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே ஃபிளாங்கரைக் காவலுக்கு நிறுத்தினால் ரக்கில் பந்து பறிப்பது யார்? க்ரோலி தானே அடித்து வீழ்த்துவார், அவருக்குக் காவல் தேவையில்லை. மழை வந்தால் இன்னும் அதிகமாகச் சொல்வேன்.

தொடுகோடு
மழை என்றதும் நினைவு வருகிறது. 2012 பிப்ரவரியில் இதே இரண்டு அணி, இதே மைதானம், மக்கள் வந்து உட்கார்ந்துவிட்ட பிறகு தரை உறைந்துவிட்டது என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மார்ச்சில் திரும்ப ஆடி 17-17 சமன். அந்த மைதானத்தில் களத்தின் மேல் மூடும் கூரை கிடையாது. பிப்ரவரி இரவு ஒன்பது மணி தாண்டிய பாரிஸ் பனியில் பந்து எப்படி இருக்கும் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டு எண் சொல்லுங்கள்.

முன்வரிசை_மூன்று
பனி விழுந்தால் பந்து நழுவும், பந்து நழுவினால் ஸ்க்ரம். நான் சொன்னதுக்குத்தான் எல்லாம் வந்து சேருகிறது.

மழைநாள்_ரசிகை
வியாழக்கிழமை ஏன் ஆட்டம்? வெள்ளிக்கிழமை தொடங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

தொடுகோடு
வெள்ளி இரவு மிலானில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா இருக்கிறது, அதோடு மோத வேண்டாம் என்று ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டார்கள். ஆறு நாடுகளாக ஆனபிறகு வியாழக்கிழமை ஆட்டம் இதுதான் முதல். இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்த வருடம் முதல் மூன்று சுற்றும் அடுத்தடுத்த வாரத்தில், நடுவில் ஓய்வு வாரம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மூன்றாவது சுற்றுக்குப் பிறகு. வியாழன் ஆடுவதால் இந்த இரண்டு அணிக்கும் அடுத்த ஆட்டத்துக்கு முன் கூடுதலாக ஓரிரு நாள் கிடைக்கும். அயர்லாந்து 14ஆம் தேதி இத்தாலியோடு, பிரான்ஸ் 15ஆம் தேதி வேல்ஸோடு. அதனால் இரண்டு பேரும் கையில் எதையும் மிச்சம் வைக்காமல் ஆடுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

எட்டாம்எண்
மாற்று வீரர்கள் எப்படி என்பதைப் பொறுத்து என் எண் மாறும். போன வருடம் டப்ளினில் கல்தியே 7-1 என்று வைத்தார், ஸ்க்ரமில் தள்ளும் ஆட்கள் ஏழு பேர், பின்னால் ஓடும் ஆள் ஒரே ஒருவர். டூபோன் காயத்தில் போனதும் அந்த ஒருவரான லூக்கு உள்ளே வந்துவிட்டார், அதற்கப்புறம் பராசியும் போக, ஃபிளாங்கர் ஜெகு போய் சென்டரில் நின்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. கடைசியில் அதே ஜெகு டிரையும் அடித்தார், 13-8 என்று பின்தங்கியிருந்தவர்கள் 42-27 ஜெயித்தார்கள். அயர்லாந்தின் ஸ்க்ரம் ஆட்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் ஏழு புது ஆட்கள் மேலே விழுந்தார்கள், அதுதான் நடந்தது.

பச்சைச்சட்டை
அந்த ஆட்டத்தைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டூபோன் அந்த ரக்கில் விழுந்ததை நான் இன்றும் கொண்டாடவில்லை. எதிரணியில் இருந்தாலும் அவரைப் போல ஒரு ஆட்டக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போவதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. அவர் முழு பலத்தோடு திரும்பி வந்து, அவரையும் வைத்துக்கொண்டு நாங்கள் ஜெயிக்க வேண்டும். அதுதான் எனக்கு வெற்றி.

நீலச்சேவல்
அண்ணா, இதற்காகவே உங்களோடு சண்டை போடப் பிடிக்கும். அந்த மோதலைப் பற்றி அன்று நானும் கோபமாக நிறைய எழுதினேன், டூபோன் காலில் விழுந்த பேர்ன் மேல் பின்னர் எந்த நடவடிக்கையும் வரவில்லை, அதோடு விட்டுவிட்டேன். எட்டு மாதத்துக்கு மேல் ஒரு ஸ்க்ரம்-ஹாஃப் (ரக்கிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) வெளியே இருந்திருக்கிறார். திரும்பி வந்து கிளப்பில் ஆடுகிறார் என்றாலும், அந்த முழங்காலை நம்பி ரக்கின் ஓரத்தில் திடீரென்று திசை மாற்றுவாரா என்பதை அன்றுதான் பார்க்க முடியும். எனக்கு உள்ளூர இருக்கும் பயம் அது ஒன்றுதான்.

ஐம்பது_இருபத்திரண்டு
களைப்பையும் சேருங்கள். அயர்லாந்துப் பயிற்சியாளர் ஃபாரெல் லயன்ஸோடு, அதாவது பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு அணியோடு, ஆஸ்திரேலியா போகும்போது முதலில் அறிவித்த 38 பேரில் 15 பேர் அயர்லாந்துக்காரர்கள். தொடரை 2-1 ஜெயித்தார்கள், பெருமைதான், ஆனால் அவர்களுக்குக் கோடை ஓய்வு இல்லாமல் போனது. பிரான்ஸ் அதே ஜூலையில் முக்கியமான ஆட்களை வீட்டில் விட்டுவிட்டு இளையவர்களை நியூசிலாந்துக்கு அனுப்பி மூன்றும் தோற்றது. அன்று எல்லோரும் திட்டினார்கள். பிப்ரவரியில் அதன் பலன் தெரியும். நவம்பரில் சிகாகோவில் நியூசிலாந்திடம் 26-13 தோற்றபோதே அயர்லாந்தின் கடைசி இருபது நிமிடம் எனக்குக் கவலையாக இருந்தது.

பச்சைச்சட்டை
டோரிஸ் தோள் அறுவையால் லயன்ஸ் பயணத்துக்கே போகவில்லை, தலைவர் புத்துணர்ச்சியோடு இருக்கிறார். நவம்பரிலேயே ஆஸ்திரேலியாவை 46-19 அடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள், தோல்வியை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள்.

முன்வரிசை_மூன்று
ஜெயிப்பதை விடுங்கள், அயர்லாந்து 7 புள்ளிக்குள் தோற்று, பட்டியலில் ஒரு போனஸ் புள்ளி எடுத்தாலே அது பெரிய விஷயம் என்பேன். போன வருடம் 15 வித்தியாசத்தில் தோற்றதால் அந்த ஆட்டத்திலிருந்து ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் பிரான்ஸ் 21, இங்கிலாந்து 20, அயர்லாந்து 19. நாலு ஆட்டம் ஜெயித்தும் மூன்றாவது இடம். 70ஆவது நிமிடத்தில் பத்துப் புள்ளி பின்னால் இருந்தால் பெனால்டியைக் கோலுக்கு உதைத்து ஏழுக்குள் வர வேண்டுமா, இல்லை கார்னருக்கு உதைத்து டிரை தேட வேண்டுமா? டோரிஸ் அந்த முடிவை எடுக்க வேண்டிய நிலை வரும் என்று நினைக்கிறேன்.

பச்சைச்சட்டை
கார்னருக்கு. யோசிக்கவே வேண்டாம். 2006இல் இதே மைதானத்தில் 43-3 என்று கிடந்தோம், அங்கிருந்து 43-31 வரை வந்தோம். பிரான்ஸ் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எட்டாம்எண்
சரி, என் எண். பிரான்ஸ் 27, அயர்லாந்து 24. இடைவேளையில் அயர்லாந்து முன்னால் இருக்கும், மாற்று முன்வரிசை வந்ததும் திரும்பும். மனது பதறிக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன்.

ஐம்பது_இருபத்திரண்டு
க்ரோலி தொடங்கினால் பிரான்ஸ் 26, அயர்லாந்து 21. பிரெண்டர்காஸ்ட் தொடங்கினால் பிரான்ஸ் 33, அயர்லாந்து 21.

நீலச்சேவல்
இரண்டு எண் சொல்லக்கூடாது, ஒன்றுதான்.

ஐம்பது_இருபத்திரண்டு
அப்படியானால் 26-21. ஃபாரெல் சரியான முடிவை எடுப்பார் என்று நம்புகிறேன்.

மழைநாள்_ரசிகை
என் முதல் கணிப்பு, யாரும் அடிக்க வராதீர்கள். பிரான்ஸ் 30, அயர்லாந்து 20. பியெல்-பியாரே முதல் 20 நிமிடத்துக்குள் ஒரு டிரை. ஷீஹன் மாலில் ஒன்று.

முன்வரிசை_மூன்று
நல்ல கணிப்பு. மாலைச் சேர்த்துச் சொன்னாய் பார், கண் சரியான இடத்துக்குப் போகிறது.

நீலச்சேவல்
எல்லாவற்றையும் படித்த பிறகு என் எண்ணைக் கொஞ்சம் இறக்குகிறேன். எட்டாம்எண் அண்ணா சொன்ன 13ஆம் எண் விஷயம் மனதில் உறுத்துகிறது, பனியும் இருக்கிறது. பிரான்ஸ் 29, அயர்லாந்து 22. இதுதான் கடைசி, இனி மாற்றமாட்டேன். பச்சைச்சட்டை அண்ணா, நீங்கள்?

பச்சைச்சட்டை
24-23. ஒன்றாம் எண் காயம், ஹான்சன் காயம், கொட்டும் பனி, டூபோன், எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். 79ஆவது நிமிடத்தில் 23-21 என்று பின்னால் இருப்போம், பந்து எங்கள் கையில் இருக்கும், எத்தனை ஃபேஸ் ஆனாலும் சரி.